மணியாச்சி நிகழ்விடமும் மெய்நிகர் மீளமைப்பும்: ஆஷ் கொலை வழக்கை முன்வைத்து

முன்னுரை

குற்றம் நிகழ்ந்த இடத்தை முப்பரிமாண வடிவில் மீளமைத்து, அதனுள் நின்று காண்பது போன்ற நிலையை மெய்நிகர் உண்மைத் தொழில்நுட்பம் உருவாக்குகிறது. பழைய வழக்குகளிலும் இது பயன்பட்டுள்ளது. 1911ஆம் ஆண்டின் ஆஷ் கொலையில் எவ்வினாவிற்கு இம்முறை விடை தரும், எதற்குத் தராது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகழ்வும் வழக்கும்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ் 17-6-1911 அன்று மனைவி மேரியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். அன்று திருநெல்வேலி மாவட்டத்திலும் இன்று தூத்துக்குடி மாவட்டத்திலும் அடங்கும் மணியாச்சிச் சந்திப்பில், முதல் வகுப்புப் பெட்டியில் இருவரும் அமர்ந்திருந்தனர். செங்கோட்டை வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுவிட்டு, நிலையக் கழிவறையில் தம்மையே சுட்டு இறந்தார். அவரிடம் பிரௌனிங் கைத்துப்பாக்கியும் கடிதமும் கிடைத்தன. சுட்டவர் யார் என்பதில் ஐயமில்லை. உடன் வந்தவர் யார் என்பதே சிக்கலாயிற்று. தேடப்பட்ட ஓட்டப்பிடாரம் மாடசாமி பிடிபடவேயில்லை. நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த சதி வழக்கு, நிகழ்விடத் தடயங்களைவிட ஆவணங்களையும் அப்ரூவர் வாக்குமூலங்களையுமே பெரிதும் சார்ந்திருந்தது.

ஜெர்மானிய முன்னுதாரணம்

பவேரிய மாநிலக் குற்றப்புலனாய்வு அலுவலகம் ஆஷ்விட்ஸ் வதைமுகாமைப் பழைய வரைபடங்கள், ஒளிப்படங்கள், லேசர் அளவீடு ஆகியவற்றின் துணையுடன் மீளமைத்தது. காவல் கோபுரத்தில் நின்றவர் எவற்றைக் கண்டிருக்க இயலும் என்பதே சோதிக்கப்பட்டது. முன்னாள் காவலர் ரைன்ஹோல்ட் ஹானிங்குக்கு 2016இல் டெட்மோல்ட் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறை விதித்த வழக்கில் இம்மாதிரி பயன்பட்டது.

மீளமைப்பின் எல்லை

மணியாச்சியிலும் இவ்வினாவையே எழுப்பலாம். நடைமேடையின் அளவு, பெட்டி நின்ற இடம், கதவின் திசை ஆகியவை ஆவணங்களால் உறுதிப்படின், ஒவ்வொரு சாட்சியும் நின்ற இடத்திலிருந்து பெட்டியின் வாயில் தெரியுமா எனச் சோதிக்கலாம். தெரியாதெனில் சாட்சியம் வலுவிழக்கும். தெரியுமெனினும் அவர் கண்டார் என்பது மெய்ப்பிக்கப்படாது. எழுத்தாவணம் தான் அறியாததைக் கூறாமல் விடலாம். காட்சியோ உடன்வந்தவருக்கும் ஓர் உருவத்தைக் கொடுத்துவிடும். அவ்வுருவம் பார்ப்பவர் நெஞ்சில் சான்றாகவே பதியும். ஆகவே அளந்தது, சாட்சி சொன்னது, ஊகித்தது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிறங்களில் காட்டப்படல் வேண்டும்.

முடிவுரை

1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய வல்லுநர் நிகழ்விடம் செல்வதையும் காணொளிப் பதிவையும் வகுத்துள்ளது. இனிவரும் வழக்குகளுக்கு அப்பதிவே மீளமைப்பின் அடிப்படையாகும். மணியாச்சியைப் பொறுத்தவரை, மெய்நிகர் காட்சி சாட்சியங்களை உரசிப் பார்க்கும் கல்லாகலாம், புதிய சாட்சியாகாது.