கன்னாட் பிளேஸ்

புது தில்லியின் நடுவே, ஒன்றைச் சுற்றி மற்றொன்றாக இரண்டு வட்டங்களில் வளைந்து நிற்கும் வெண்ணிறக் கட்டடத் தொகுதி கன்னாட் பிளேஸ். மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா முதலிய சிற்றூர்கள் இருந்த இடத்தில் 1929-இல் பணி தொடங்கி 1933-இல் நிறைவுற்றது. 1921-இல் இந்தியா வந்த கன்னாட் கோமகனின் பெயர் இதற்கு இடப்பட்டது.

இதன் முன்மாதிரி இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ராயல் கிரசன்ட். இளைய ஜான் வுட் வடிவமைத்து, 1767-க்கும் 1775-க்கும் இடையே எழுந்த அந்தப் பிறைவடிவ வரிசையில் 30 வீடுகள் ஒட்டி நிற்கின்றன. முகப்பில் 114 தூண்கள். வுட் தீர்மானித்தது முகப்பை மட்டுமே. அதன் பின்னால் அவரவர் தம் வசதிப்படி வீடு கட்டிக்கொண்டனர். ஆகவே முன்புறம் ஒரே அரண்மனை, பின்புறம் ஏறுமாறான சுவர்கள். சுவரோடு சுவர் சேர்ந்த வீட்டு வரிசை நம் அக்கிரகாரங்களிலும் உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் திண்ணை, தனி வாசல், தனி முகம். வுட்டின் வரிசையோ முழுவதும் ஒரே மாளிகையாகத் தோன்றுகிறது.

தில்லி வட்டத்தின் முதல் வரைவு டபிள்யூ. எச். நிக்கல்ஸுடையது. பிறகு பொதுப்பணித் துறையின் தலைமைக் கட்டடக் கலைஞர் ராபர்ட் டோர் ரஸ்ஸல் பொறுப்பேற்றார். புல்வெளிச் சரிவை நோக்கித் திறந்திருந்த பாத்தின் பிறை இங்கே முழு வட்டமாகி, உள்ளிருக்கும் பூங்காவைப் பார்த்துத் திரும்பியது. பாத்தில் சுவரோடு ஒட்டிய அலங்காரமாக இருந்த தூண்கள் இங்கே தனித்து நின்று, பின்னால் நிழலான தாழ்வாரத்தைத் தாங்குகின்றன. தில்லி வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் இல்லை. கீழே கடைகள், மாடியில் குடியிருப்புகள் என்பது ஏற்பாடு. திரையரங்குகளும் வந்தன; வால்டர் சைக்ஸ் ஜார்ஜ் வடிவமைத்த ரீகல் 1932-இல் திறக்கப்பட்டது.

காலப்போக்கில் மாடி வீடுகள் அலுவலகங்களாயின. 1995-இல் ராஜீவ் சௌக் எனப் பெயர் மாறியும் மக்கள் வாயில் இது 'சி.பி.'தான்; புதுப்பெயர் நிலைத்தது, 2005-இல் பூங்காவின் அடியில் திறந்த மெட்ரோ நிலையத்துக்கு. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பழைய கடைகள் பலவற்றின் வாடகை மிகச் சொற்பமாகவே நின்றுவிட, பராமரிப்பில் உரிமையாளர்களுக்கு அக்கறை குறைந்தது. காரை உதிர்ந்த தூண்களையும் முகப்புகளையும், 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஒட்டி, புது தில்லி நகராட்சி மன்றம் செப்பனிட முனைந்தது. பணி போட்டிக்குப் பிறகும் நீடித்தது.