கல்லாவிலிருந்து காலை 8.30 மணி வரை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நவம்பர் மாதத்துத் தள்ளுபடி விற்பனை நாளான கறுப்பு வெள்ளியன்று, ஒரு துணிக்கடையில் குளிர்கோட்டு ஒன்று 60 டாலருக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தொகை அன்றிரவே கடைக் கணக்கில் ஏறிவிடும். நாட்டின் சில்லறை விற்பனை எண்ணில் அது போய்ச் சேருவதுதான் பெரிய கதை.

முதல் வடிகட்டல் கடையிலேயே நடக்கிறது. வாடிக்கையாளர் கட்டிய விற்பனை வரி சேராது. கோட்டைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழிக்கப்படும். கோட்டுக்குப் பதில் கிஃப்ட் கார்டு வாங்கியிருந்தால் அன்றைக்கு விற்பனையே இல்லை. கார்டைக் கொடுத்துப் பொருள் வாங்கும் நாளில்தான் கணக்கு.

அடுத்த நிறுத்தம் மேரிலாந்தின் சூட்லாந்தில் இருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பிரதிநிதியாகச் சுமார் 5,000 நிறுவனங்களிடம்தான் முதல் மதிப்பீட்டுக்குக் கேட்கிறார்கள். பதில் சொல்வது கட்டாயமில்லை. தனி நிறுவனத்தின் கணக்கை வெளியே விடும் ஊழியருக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு. நம் கடை அந்த மாதிரியில் இல்லையென்றால் 60 டாலர் கடையைவிட்டுக் கிளம்பவே இல்லை. அதே வகைக் கடை இன்னொன்றின் எண் இதற்கும் சேர்த்துப் பேசும்.

பிறகு பருவத் திருத்தம். நவம்பர், டிசம்பரில் கடைகளில் கூட்டம் அலைமோதும், ஜனவரியில் வெறிச்சோடும். இந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தையும், மாதத்தில் எத்தனை சனிக்கிழமை வந்தது என்பதையும் கணக்கிட்டு நீக்குகிறார்கள். விலைவாசியை மட்டும் நீக்குவதில்லை. கோட்டின் விலை அடுத்த ஆண்டு 63 டாலர் ஆனால், ஒரு கோட்டுகூட அதிகம் விற்காமலே விற்பனை 5 சதவீதம் 'வளர்ந்துவிடும்'.

டிசம்பர் நடுவில் ஒரு நாள், கிழக்கு அமெரிக்க நேரம் காலை 8.30 மணிக்கு எண் வெளியாகிறது. பத்திர வட்டியும் டாலரும் அந்த நொடியிலேயே அசைகின்றன. மோட்டார் வாகனம், பெட்ரோல், கட்டுமானப் பொருள், உணவகம் நீங்கலான மீதியைச் சந்தைக்காரர்கள் 'கன்ட்ரோல் குரூப்' என்கிறார்கள். நம் கோட்டு இருப்பது அதில்தான். மக்கள் பொருட்களுக்குச் செய்யும் செலவை மதிப்பிடப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் பெரிதும் சார்ந்திருப்பதும் இந்தத் தரவைத்தான். அந்நாட்டு ஜிடிபியில் மக்களின் நுகர்வு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் என்பதால்தான் இவ்வளவு பரபரப்பு.

ஆனாலும் பயணம் முடியவில்லை. தாமதமாக வரும் பதில்களைச் சேர்த்து அடுத்தடுத்த மாதங்களில் எண்ணைத் திருத்துகிறார்கள். கொரோனா முடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில் விற்பனை 16.4 சதவீதம் சரிந்தது என்றது முதல் அறிவிப்பு; ஒரு மாதம் கழித்து அது 14.7 ஆனது. அதே நாளில் மே மாத விற்பனை 17.7 சதவீதம் ஏறியதாகச் செய்தி வந்தது. பள்ளத்திலிருந்து எழுந்த ஏற்றம் அது. முந்தைய ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிட்டால் அப்போதும் 6.1 சதவீதம் குறைவு.

இந்த எண் பார்க்காத செலவும் நிறைய. வீட்டு வாடகை, மருத்துவமனை, கல்விக் கட்டணம், விமானப் பயணம் எதுவும் இதில் இல்லை. சேவைகளில் உணவகம் மட்டுமே உள்ளே வருகிறது. அமெரிக்கர்களின் நுகர்வுச் செலவிலோ சேவைகளின் பங்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு.

எனவே 'சில்லறை விற்பனை 0.2 சதவீதம் உயர்வு' என்ற தலைப்பைப் பார்த்ததும் மக்கள் கை தாராளமாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதல் மதிப்பீட்டின் பிழை வரம்பே பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 0.4, 0.5 என்றிருக்கும். அந்த மாத விலையேற்றம் எவ்வளவு, முந்தைய மாத எண் எப்படித் திருத்தப்பட்டது, கன்ட்ரோல் குரூப் என்ன சொல்கிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகு தலைப்பை நம்புங்கள்.