நெல்லி: காயகற்ப மரபும் மூப்பு ஆய்வும்

மூப்பைத் தள்ளிப்போட்டு உடலை உறுதியாக வைக்கும் என்று சித்த மருத்துவம் கருதும் மருந்துகளும் அவற்றோடு இணைந்த பத்தியமும் காயகற்பம் எனப்படும். அவ்வகையில் மிகப் பழைய புகழுடையது நெல்லிக்காய். தமிழ் மரபில் அப்புகழ் திருவண்ணாமலையைச் சுற்றிய நிலப்பரப்போடும் தொடர்புடையது. மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு அளித்த தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் செயலைப் புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் கூறுகின்றன. அவன் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, திருவண்ணாமலைக்குத் தெற்கே திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்டது. அக்கல்வெட்டு சொல்வது துறவியர்க்கு அவன் அமைத்துக் கொடுத்த உறைவிடத்தை மட்டுமே என்பதால், அது அரசனுக்குச் சான்றாகுமே தவிர நெல்லிக்கனிக்கு ஆகாது.

சரக சம்ஹிதையில் மூப்பு நீக்கும் மருந்துகளைக் கூறும் இரசாயனப் பகுதி கடுக்காயையும் நெல்லியையும் முன்னிறுத்தித் தொடங்குகிறது. இவ்விரண்டுடன் தான்றிக்காய் சேர்ந்ததே திரிபலை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் நெல்லியையும் கடுக்காயையும் காட்டிலிருந்து சேகரித்து விற்று வருகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் நெல்லியின் பெருமை முழுவதும் வைட்டமின் சி-யின் மேல் ஏற்றப்பட்டது. 100 கிராம் காயில் 600 மில்லிகிராம் உண்டென்று இந்திய உணவு அட்டவணைகள் நெடுங்காலம் குறித்துவந்தன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையிலோ அது 252 மில்லிகிராம்தான். வைட்டமினைப் போலவே வினைபுரியும் பிற பொருள்களும் பழைய சாயச் சோதனையில் கணக்கில் சேர்ந்துவிடக்கூடும் என்பதால், இவ்வேறுபாடு வியப்புக்குரியதன்று. காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் என்னும் பாலிஃபீனால் சேர்மங்களின் பக்கம் வேதியியலாளர் கவனம் திரும்பியது.

உயிரணுக்களில் தோன்றும் தனி உறுப்புகள், அதாவது இணையற்ற எலக்ட்ரானுடன் அருகிலுள்ளவற்றைச் சிதைக்கும் மூலக்கூறுகள், மூப்புக்குக் காரணம் என்று டென்ஹம் ஹார்மன் 1956இல் முன்வைத்த கொள்கை, அவற்றைத் தணிக்கும் தாவரப் பொருள்களுக்கெல்லாம் பெருமதிப்பைத் தேடித்தந்தது. அம்மதிப்பு நீடிக்கவில்லை: அத்தகைய பொருளான பீட்டா கரோட்டினை மாத்திரையாக உண்ட ஃபின்லாந்துப் புகைபிடிப்போரிடையே நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994இல் வெளியான ஆய்வு காட்டியது.

நெல்லி, மாதுளை போன்றவற்றின் டானின்களிலிருந்து கிடைக்கும் எலாஜிக் அமிலத்தைக் குடல் நுண்ணுயிரிகள் யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுகின்றன. இது பழுதுற்ற மைட்டோகாண்டிரியாக்களை உயிரணு தானே அப்புறப்படுத்தத் துணைசெய்து புழுக்களின் ஆயுளை நீட்டியதாக 2016இல் அறியப்பட்டது. ஆயினும் ஏற்ற நுண்ணுயிரிகள் எல்லார் குடலிலும் இல்லை. புழுவுக்குப் பொருந்துவது மனிதர்க்கும் பொருந்தும் என்று கொள்ளவும் இயலாது. நெல்லி நல்ல உணவு என்பதில் ஐயமில்லை; அது மனித ஆயுளை நீட்டும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.