அரிய தீங்கற்ற மென்திசுக் கட்டிகளின் மரபணு மாற்றங்கள்

அரிய தீங்கற்ற மென்திசுக் கட்டிகளின் மரபணு மாற்றங்கள் என்பவை, கொழுப்பு, தசை, நார்த்திசு, மூட்டுச் சவ்வு முதலிய மென்திசுக்களில் தோன்றும் புற்றுநோய் அல்லாத கட்டிகளின் உயிரணுக்களில் காணப்படும் டி.என்.ஏ. மாறுதல்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை பெற்றோரிடமிருந்து வந்தவை அல்ல. ஒருவரின் வாழ்நாளில் ஓர் உயிரணுவில் ஏற்பட்டு, அதிலிருந்து பெருகிய உயிரணுக்களில் மட்டும் இருப்பவை. மரபணு மாற்றம் இருந்தாலே அது புற்றுநோய் என்று கொள்வது சரியன்று. சில மாற்றங்கள், ஒரு கட்டி தீங்கற்றது என்பதற்கே வலுவான சான்றாக அமைகின்றன.

பின்னணி

மென்திசுக் கட்டிகளில் தீங்கற்றவையே மிகுதி. சார்கோமா எனப்படும் மென்திசுப் புற்று ஒன்றுக்குத் தீங்கற்ற கட்டிகள் நூறு அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. அவற்றுள் கொழுப்புக் கட்டி மிகப் பரவலானது. ஏனைய பல வகைகள் அரியவை. அரியவை என்பதாலேயே நுண்ணோக்கியின் கீழ் அவற்றைச் சார்கோமா எனத் தவறாகக் கருத இடமுண்டு. அவ்வாறு கருதப்பட்டால் நோயாளிக்குத் தேவையற்ற பெரிய அறுவையும் கதிர்வீச்சும் அளிக்கப்படலாம். மரபணுச் சோதனையின் முதன்மைப் பயன் இதைத் தவிர்ப்பதே.

மாற்றங்களின் வகைகள்

* இடமாற்றம்: இரு நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளுதல். இதனால் இரு மரபணுக்கள் இணையக்கூடும்.
* நீக்கம்: நிறப்புரியின் ஒரு பகுதி இழக்கப்படுதல்.
* புள்ளி மாற்றம்: டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மட்டும் மாறுதல்.

நோடுலர் ஃபேசியைட்டிஸ்

இது தோலுக்கடியில் முடிச்சுப் போல் தோன்றும் நார்த்திசுக் கட்டி. 1955ஆம் ஆண்டு முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் இளம் வயதினரின் முன்கையில் தோன்றிச் சில வாரங்களிலேயே வேகமாக வளரும். பொதுவாக மூன்று செ.மீ.க்கு மேல் பெரிதாவதில்லை. வேகமான வளர்ச்சியும், பிளவுறும் உயிரணுக்கள் நிறைந்த தோற்றமும் சார்கோமாவை ஒத்திருப்பதால் இது நீண்டகாலமாக மருத்துவர்களைக் குழப்பி வந்தது. ஆயினும் இது வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. பல வேளைகளில் தானாகவே சுருங்கி மறைகிறது.

இது காயத்தினால் உண்டாகும் எதிர்வினை என்றே கருதப்பட்டது. எடுத்துக்காட்டாக, சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்யும் ஒருவரின் முன்கையில் இக்கட்டி தோன்றினால், தறி வேலையில் பட்ட அடியே காரணம் என எண்ணுவது இயல்பு. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள், இக்கட்டிகளில் 22ஆம் நிறப்புரியின் எம்ஒய்எச்9 மரபணுவும் 17ஆம் நிறப்புரியின் யுஎஸ்பி6 மரபணுவும் இணைந்திருப்பதைக் கண்டனர். எனவே இது உண்மையான கட்டியே என்பது தெளிவாயிற்று.

இணைப்பு செயல்படும் விதம் எளிது. ஒவ்வொரு மரபணுவின் முன்னும், அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் எனக் கட்டளையிடும் ஊக்கிப் பகுதி உள்ளது. யுஎஸ்பி6 வழக்கமாக நார்த்திசுவில் அடங்கியே இருக்கும். எம்ஒய்எச்9 மரபணுவின் வலிமையான ஊக்கி அதன் முன் வந்து ஒட்டும்போது, யுஎஸ்பி6 புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகி, உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகிறது.

வேறு சில எடுத்துக்காட்டுகள்

* லிப்போபிளாஸ்டோமா: சிறு குழந்தைகளில் தோன்றும் கொழுப்புக் கட்டி. 8ஆம் நிறப்புரியிலுள்ள பிஎல்ஏஜி1 மரபணு, வேறொரு மரபணுவின் ஊக்கியைப் பெறுகிறது.
* ஹைபர்னோமா: பழுப்புக் கொழுப்பிலிருந்து தோன்றுவது. 11ஆம் நிறப்புரியில் எம்இஎன்1, ஏஐபி மரபணுக்கள் உள்ள பகுதி நீக்கப்படுகிறது.
* தசையிடை மிக்சோமா: ஜிஎன்ஏஎஸ் மரபணுவில் புள்ளி மாற்றம் காணப்படுகிறது.
* மூட்டுச் சவ்வு இராட்சத உயிரணுக் கட்டி: சிஎஸ்எஃப்1 மரபணு இடம் மாறுகிறது. கட்டியில் சிறு பங்கு உயிரணுக்களிலேயே இம்மாற்றம் உண்டு. அவை சுரக்கும் புரதத்தால் ஈர்க்கப்பட்டு வந்த இயல்பான உயிரணுக்களே மீதிப் பெரும்பகுதி.

கண்டறிதல்

ஃபிஷ் எனப்படும் ஒளிர்வுச் சோதனையில், மரபணுவின் இரு பக்கங்களிலும் சிவப்பு, பச்சை நிறக் குறிகள் ஒட்டப்படுகின்றன. மரபணு முழுமையாக இருந்தால் இரண்டும் சேர்ந்து தெரியும். உடைந்திருந்தால் விலகித் தெரியும். மெழுகுக் கட்டையில் பதித்து வைத்த திசுவிலேயே இதைச் செய்ய இயலும். ஆகவே காஞ்சிபுரத்தில் எடுத்த திசுவையும், நோயாளி பயணம் செய்யாமலே, வேறு நகரிலுள்ள மூலக்கூறு நோயியல் ஆய்வகத்திற்கு அனுப்பலாம். சோதனை முடிவை நுண்ணோக்கித் தோற்றத்துடனும் நோயாளியின் நிலையுடனும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

மருத்துவம்

பெரும்பாலான தீங்கற்ற கட்டிகளுக்கு எளிய அறுவை அல்லது கண்காணிப்பே போதும். மூட்டுச் சவ்வுக் கட்டி, புற்றுநோய் அல்லாததாயினும் மூட்டைச் சிதைத்து மீண்டும் மீண்டும் வளரக்கூடியது. அறுவையால் பயனில்லாத நிலையில், சிஎஸ்எஃப்1 ஏற்பியைத் தடுக்கும் பெக்சிடார்டினிப் என்னும் மருந்துக்கு அமெரிக்கா 2019ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. இம்மருந்து கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கக்கூடும்.

மரபுவழித் தொடர்பு

சில கட்டிகள் விதிவிலக்கானவை. குழந்தைகளில் தோன்றும் கார்டனர் ஃபைப்ரோமா தீங்கற்றதாயினும், பெருங்குடலில் எண்ணற்ற பாலிப்புகளை உண்டாக்கிப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் ஏபிசி மரபணுக் குறைபாட்டின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்நிலையில் குழந்தையுடன் குடும்பத்தினரையும் சோதித்தல் அவசியமாகிறது.

இவற்றையும் பார்க்க

* சார்கோமா
* நிறப்புரி
* கொழுப்புக் கட்டி