தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்

‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடரான ‘ஸ்டார் டிரெக்’கின் இரண்டாம் பருவத்தில் வந்த நகைச்சுவை அத்தியாயம். என்.பி.சி. தொலைக்காட்சியில் 1967 டிசம்பர் 29 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. எழுதியவர் டேவிட் ஜெரால்ட். இயக்கியவர் ஜோசப் பெவ்னி. இசை ஜெரி ஃபீல்டிங். கை, கால், முகம் எதுவும் தெரியாத மயிர் உருண்டை போன்ற ‘டிரிபிள்’ என்ற சிற்றுயிர் பெருகிப் பெருகி ஒரு விண்கப்பலையும் விண்வெளி நிலையத்தையும் அடைத்துக்கொள்வதே கதை. 79 அத்தியாயங்கள் கொண்ட மூலத் தொடரில் ரசிகர்கள் இன்றும் விரும்பிப் பார்ப்பவற்றுள் இது முன்வரிசையில் நிற்கிறது. சிரிப்புக்காக அறிவியலைத் தளர்த்தாமல், அதைக் கறாராகப் பிடித்துக்கொண்டே சிரிக்க வைத்ததுதான் இதன் பலம்.

‘ஸ்டார் டிரெக்’ 1966 செப்டம்பரில் தொடங்கியபோது ஜெரால்ட் கலிஃபோர்னியாவில் கல்லூரி மாணவர். முதல் அத்தியாயத்தைப் பார்த்த கையோடு ஒரு நீண்ட கதைச் சுருக்கம் எழுதி அனுப்பினார். அந்தக் கதையைப் படமாக்கச் செலவு தாங்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் தயாரிப்பாளர் ஜீன் கூன் அவரிடம் எழுத்து இருப்பதைக் கண்டு, வேறு கதைகள் கொண்டுவரச் சொன்னார். அப்படிக் கொடுத்த சில கருக்களில் ஒன்றுதான் டிரிபிள் கதை. ஜெரால்ட் விற்ற முதல் திரைக்கதையும் இதுவே. ஒளிபரப்பானபோது அவருக்கு வயது 23. எழுதிய அனுபவம் முழுவதையும் 1973இல் இதே தலைப்பில் தனி நூலாக வெளியிட்டார். ஒரு தொலைக்காட்சி அத்தியாயம் கருவிலிருந்து திரைவரை எப்படி வளர்கிறது என்பதை அறிய விரும்புவோருக்கு அது அருமையான பாடநூல்.

அந்த நூலில் வரும் ஒரு செய்தி எழுதுபவர்கள் எல்லோரும் ரசிக்கக்கூடியது. ஜெரால்டின் தட்டச்சுப் பொறியில் எழுத்துகள் சற்றுச் சிறியவை. பக்கக் கணக்கு சரியாகவே இருக்கிறது என்று அவர் நம்பிக் கொடுத்த பிரதியை, படப்பிடிப்பு நிறுவனத்தில் வழக்கமான எழுத்தளவில் மறுதட்டச்சு செய்தபோது பக்கங்கள் எங்கோ போய் நின்றன. கணிசமாக வெட்ட வேண்டியதாயிற்று. முடிந்த அத்தியாயத்தில் ஒரு வசனம்கூடச் சும்மா நிற்காமல் ஓடுவதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

கதைக்கு மூல விதை ஆஸ்திரேலியா. 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலக்கிழார் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விக்டோரியாவில் இங்கிலாந்து முயல்களை அவிழ்த்துவிட்டார். அடித்துத் தின்னப் போதிய எதிரிகள் இல்லாத நிலத்தில் அவை பெருகி, சில பத்தாண்டுகளில் மேய்ச்சலையும் பயிரையும் அழித்தன. இயற்கை எதிரி இல்லாத இடத்துக்கு ஓர் உயிரைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்ற இந்த உண்மையைத்தான் ஜெரால்ட் விண்வெளிக்கு ஏற்றினார். இலக்கியத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. எல்லிஸ் பார்க்கர் பட்லர் 1905இல் எழுதிய சிறுகதையில் ரயில் நிலையத்தில் தேங்கிப்போன கினிப்பன்றிகள் பெருகுகின்றன. ராபர்ட் ஹைன்லைன் 1952இல் எழுதிய ‘தி ரோலிங் ஸ்டோன்ஸ்’ நாவலில் செவ்வாய்க் கோளின் தட்டைப் பூனைகள் பெருகுகின்றன. ஹைன்லைன் கதையோடு உள்ள ஒற்றுமையைத் தயாரிப்புத் தரப்பின் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியதும், நேராக அவரிடமே கேட்டார்கள். அவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். கையெழுத்திட்ட திரைக்கதைப் பிரதி ஒன்று போதும் என்றார்.

கதைக்களம் கே-7 விண்வெளி நிலையம். அருகிலுள்ள ஷெர்மன் கோளுக்கு கோள்களின் கூட்டமைப்பும் கிளிங்கான் பேரரசும் உரிமை கோருகின்றன. கோளை யார் திறம்பட வளப்படுத்துகிறார்களோ அவர்களுக்கே அது என்பது உடன்படிக்கை. அந்த மண்ணில் விளையக்கூடிய ஒரே தானியம் குவாட்ரோட்ரிட்டிக்கேல். நிலையத்தின் கிடங்கில் அது குவிந்திருக்கிறது. இதன் மூதாதையாகச் சொல்லப்படும் ட்ரிட்டிக்கேல் கற்பனை அல்ல. கோதுமையையும் ரை தானியத்தையும் கலந்து உண்டாக்கிய பயிர் அது; கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் 1954 முதல் அதற்கென ஆராய்ச்சி நடந்தது. கனடாவில் பிறந்தது என்று விண்கப்பல் அதிகாரி ஸ்பாக் சொல்ல, இல்லை, ரஷ்யர்கள் கண்டுபிடித்தது என்று சக அதிகாரி செக்கோவ் பெருமைப்படுகிறார்.

தானியக் காவலுக்கு வந்த என்டர்பிரைஸ் கப்பலின் உஹுராவுக்கு, சிரானோ ஜோன்ஸ் என்ற ஊர்சுற்றி வியாபாரி மூலம் ஒரு டிரிபிள் கிடைக்கிறது. தடவினால் இதமாக முனகும் அந்தச் செல்லப்பிராணி கப்பலுக்கு வந்ததும் குட்டி போடுகிறது. உடலின் இயக்கத்தில் பாதி இனப்பெருக்கத்துக்கே போகிறது, இவை பிறக்கும்போதே கருவுற்றிருக்கின்றன போலும் என்கிறார் மருத்துவர் மெக்காய். கப்பலின் உணவு வழங்கியைத் திறந்தால் சாப்பாட்டுத் தட்டிலும் டிரிபிள்.

கிடங்குக் காட்சிதான் அத்தியாயத்தின் உச்சம். தலைக்கு மேலுள்ள கதவைக் கேப்டன் கர்க் திறக்கிறார். தின்று கொழுத்த டிரிபிள்கள் அருவியாகக் கொட்டி அவரை நெஞ்சளவு மூடுகின்றன. எத்தனை இருக்கும் என்ற கேள்விக்கு ஸ்பாக் சொல்லும் எண் 17,71,561. வாயில் வந்ததைச் சொன்ன எண் அல்ல இது. ஒரு டிரிபிள் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சராசரியாகப் பத்துக் குட்டி போட்டால், தாயோடு சேர்த்து ஒவ்வொரு தடவையும் தொகை பதினோரு மடங்காகும். மூன்று நாளில் ஆறு தடவை: 11, 121, 1,331, 14,641, 1,61,051, 17,71,561. பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் கணக்கு அட்சரம் பிசகாமல் வரும். இப்படிப்பட்ட அக்கறைதான் இந்த அத்தியாயத்தை வெறும் கூத்தாக விடாமல் காப்பாற்றியது.

நகைச்சுவையின் இன்னொரு ஊற்று பாத்திரங்களின் குணம். மதுக்கூடத்தில் கிளிங்கான் அதிகாரி கோராக்ஸ் கர்க்கை வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். பாயத் துடிக்கும் செக்கோவைப் பொறியாளர் ஸ்காட்டி அடக்கி உட்கார வைக்கிறார். அடுத்து கப்பலைக் குப்பை ஓடம் என்றதும், முதல் குத்து ஸ்காட்டியினுடையது. விசாரணையின்போது, அடி விழுந்தது தனக்காக அல்ல, கப்பலுக்காக என்று தெரியும்போது கர்க்கின் முகம் போகும் போக்கை வில்லியம் ஷாட்னர் மிக நுட்பமாக நடித்திருக்கிறார். அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்ற தண்டனைக்கு ஸ்காட்டி மகிழ்கிறார். தொழில்நுட்ப இதழ்களைப் படிக்க நேரம் கிடைத்ததே!

முடிச்சும் டிரிபிள்களாலேயே அவிழ்கிறது. கிடங்கில் அவை செத்துக் கிடப்பதால் தானியத்தில் நஞ்சு கலந்திருப்பது தெரிகிறது. கிளிங்கான்களைக் கண்டால் கீச்சிடும் அவற்றின் இயல்பால், கூட்டமைப்பு அதிகாரி ஒருவரின் உதவியாளராக நடமாடிய ஆர்ன் டார்வின் மனித உருவுக்கு மாற்றப்பட்ட கிளிங்கான் உளவாளி என்பதும் வெளியாகிறது. கப்பலில் மிஞ்சியவற்றை ஸ்காட்டி கிளிங்கான் கப்பலின் இயந்திர அறைக்கே அனுப்பிவைக்கிறார். நிலையத்தைச் சுத்தம் செய்யும் வேலை சிரானோ ஜோன்ஸ் தலையில் விழுகிறது, அதற்கு 17.9 ஆண்டுகள் பிடிக்கும் என்பது ஸ்பாக்கின் கணிப்பு.

படப்பிடிப்பு 1967 ஆகஸ்டில் நடந்தது. டிரிபிள்களை வடிவமைத்தவர் வா சாங். தொடரின் கையடக்கத் தகவல் கருவியும் அவர் கைவண்ணமே. செயற்கை மயிர்த் துணிக்குள் நுரை ரப்பர் திணித்துச் சுமார் 500 டிரிபிள்கள் தைக்கப்பட்டன. நகர வேண்டியவற்றுக்குள் பேட்டரியில் ஓடும் பொம்மை நாயின் பொறியைப் பொருத்தினார்கள். மூச்சு விடுபவற்றுக்குள் பலூன். சுலு வேடக்காரர் ஜார்ஜ் டகேய் வேறொரு படத்தில் நடிக்கப் போயிருந்ததால், அவருக்கு எழுதிய வசனங்கள் சில செக்கோவாக நடித்த வால்டர் கோனிக்குக்குப் போயின. கிடங்குக் காட்சியில் கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. ஆகவே அருவி ஓய்ந்த பிறகும் ஒன்றொன்றாக வீசிக்கொண்டே இருந்தார்கள். கர்க் பேசும்போது அவ்வப்போது தலையில் ‘பொத்’தென்று விழும் டிரிபிள்கள் அப்படி வந்தவை.

1968இல் ஹியூகோ விருதின் நாடக வடிவப் பிரிவுக்குப் பரிந்துரையான ஐந்துமே ‘ஸ்டார் டிரெக்’ அத்தியாயங்கள். இதுவும் அவற்றுள் ஒன்று. விருது ஹார்லன் எலிசன் எழுதிய ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ அத்தியாயத்துக்குச் சென்றது.

டிரிபிள்கள் அத்தோடு நிற்கவில்லை. 1973இல் அனிமேஷன் வடிவத் தொடரில் ஜெரால்டே தொடர்ச்சி எழுதினார். பிற்காலத் தொடர்களிலும் திரைப்படங்களிலும் அவை தலைகாட்டின. 2019இல் வந்த ‘தி டிரபிள் வித் எட்வர்ட்’ என்ற குறும்படம், அவை இத்தனை வேகமாகப் பெருகத் தொடங்கியதற்கு ஒரு விஞ்ஞானியின் விபரீதச் சோதனையைக் காரணமாகக் காட்டுகிறது.

இவற்றுள் தலைசிறந்தது, தொடரின் 30ஆம் ஆண்டு நிறைவுக்காக ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்ற பிற்காலத் தொடரின் குழு உருவாக்கி 1996 நவம்பரில் ஒளிபரப்பான ‘ட்ரயல்ஸ் அண்ட் டிரிபிலேஷன்ஸ்’. அத்தொடரின் கதைமாந்தர் காலத்தில் பின்னோக்கிச் சென்று பழைய அத்தியாயத்துக்குள்ளேயே புகுகிறார்கள். பழைய அரங்குகளை மீண்டும் கட்டி, புதிய நடிகர்களை 1967ஆம் ஆண்டுப் படச்சுருளோடு கணினியால் இணைத்தார்கள். டார்வினாக அதே சார்லி பிரில் முதியவராக வந்தார்; ஜெரால்டும் கப்பல் ஊழியராக ஒரு காட்சியில் நடந்துபோகிறார். கர்க் தலையில் விழும் டிரிபிள்களுக்கும் இதில் காரணம் கிடைக்கிறது. ஏதோ ஒரு டிரிபிளுக்குள் வெடிகுண்டு இருப்பதால், கிடங்குக்குள் ஒளிந்திருக்கும் அக்கதைமாந்தர் சிஸ்கோவும் டாக்ஸும் ஒவ்வொன்றாகச் சோதித்து வெளியே எறிகிறார்கள்! படப்பிடிப்புத் தற்செயல் ஒன்றை 29 ஆண்டுகள் கழித்துக் கதையின் பகுதியாக்கிய இந்தச் சாமர்த்தியத்துக்கு ஈடாக இன்னொன்றைத் தொலைக்காட்சியில் காண்பது அரிது.

உயிரியலிலிருந்து பிறந்த டிரிபிள் உயிரியலுக்கே திரும்பியும் வந்தது. பழ ஈயின் கருவில் செல்கள் உரிய காலத்துக்கு முன் பிளவுபடாமல் தடுக்கும் ஒரு மரபணுவை ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் விவரித்தார்கள். அது பழுதானால் செல்கள் கட்டுப்பாடின்றிப் பிளவுபடுகின்றன என்பதால் அதற்கு ‘டிரிபிள்ஸ்’ என்றே பெயர். மனித உடலில் அதன் உறவு மரபணுக்கள் மூன்று: டிரிப்1, டிரிப்2, டிரிப்3. ரத்தப் புற்றுநோய் ஆய்வில் இவற்றுள் டிரிப்1, டிரிப்2 இரண்டும் முக்கிய இடம் பெற்றுள்ளன.