அடையாற்றில் எழுந்த பெண் குரல்

பள்ளிக்கூடத்து ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கி ஏப்ரலில் முடிவதாக நாம் கணக்கிடுகிறோம். பெண்கள் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் வேறொரு கணக்குச் சொல்வார்கள். இலக்கிய மன்றத் தொடக்க விழா, ஆகஸ்ட் 15இல் கொடியேற்றத்திற்குப் பின் ஐந்து நிமிடப் பேச்சு, செப்டம்பரில் பாரதியார் நினைவு நாள், நவம்பர் 14இல் குழந்தைகள் தினம், பொங்கல் கழிந்ததும் ஆண்டு விழா நாடகம் என்று அவர்களுடைய ஆண்டு மேடையைச் சுற்றியே நகரும். தமிழாசிரியை எழுதிக் கொடுத்த இரண்டு பக்கப் பேச்சை மனப்பாடம் செய்து, "அவையோர் அனைவருக்கும் முதற்கண் வணக்கம்" என்று தொடங்கி, எச்சரிக்கை மணி அடித்ததும் பதறி, இறுதி மணி அடிப்பதற்குள் நன்றி கூறி இறங்கிய அந்த ஐந்து நிமிடத்தைப் பேரப்பிள்ளை எடுத்த பின்னும் மறவாத தாய்மார்கள் நம் மஹல்லாவிலேயே உண்டு.

இப்படிப்பட்ட போட்டிகளுக்கு நடுவராகச் சில ஆண்டுகள் அமரும் வாய்ப்பு இக்கட்டுரையாளனுக்குக் கிடைத்தது. அவற்றுள் ஓராண்டு நிகழ்ந்ததைப் பின்னர் கூறுவேன். "நம் வீட்டுப் பெண்பிள்ளை நாலு பேர் முன் மேடையேறிப் பேசுவதா? இது நமக்குப் புதிய வழக்கமல்லவா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. புதிய வழக்கம்தானா என்பதை வரலாற்றில் பார்ப்பது நல்லது. அந்த வரலாற்றின் ஒரு முக்கிய ஏடு நாம் வாழும் இந்த அடையாற்றிலேயே எழுதப்பட்டது.

1917ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அயர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறை சென்ற மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் முன்னின்று நடத்த, அன்னி பெசன்ட் அம்மையார் அதன் தலைவரானார். அடுத்த மாதமே, சுயாட்சிக் கிளர்ச்சிக்காக அம்மையாரை அரசு காவலில் வைத்தது, செப்டம்பரில் விடுவித்தது. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள், இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்திருந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு மாதர் தூதுக்குழு அவரைச் சந்தித்து, ஆண்களுக்கு வழங்கப்படும் வாக்குரிமை பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்டது. அக்குழுவில் பேகம் ஹஸ்ரத் மோஹானியும் இடம்பெற்றிருந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். கவிஞரும் விடுதலை வீரருமான மௌலானா ஹஸ்ரத் மோஹானியின் துணைவியார் அவர்.

அதே மாத இறுதியில் கல்கத்தாவில் நிகழ்ந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். காங்கிரஸ் மாநாட்டுக்கு அன்னி பெசன்ட் தலைமை தாங்கினார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே. அதே நகரில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மௌலானா முஹம்மது அலியோ அப்போது காவலில் இருந்தார். அவருடைய இடத்தில் மாநாட்டுக்கு வந்தவர், நாடே 'பீ அம்மா' என்று அழைத்த அவருடைய தாயார் ஆபாதி பானு பேகம். இளம் வயதிலேயே கணவரை இழந்து, நகைகளை அடகு வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். புர்கா அணிந்தபடியே அப்பெருங்கூட்டத்தில் உரையாற்றினார். பர்தாவும் பேச்சும் ஒன்றோடொன்று முரண்பட்டவை என்று கருதுவோர் இந்த நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே 1917இல் நாகூரில் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். அவருக்கு வாய்த்த பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. மேடை வாய்க்காதபோதும் எழுதுகோல் வாய்த்தது. 1938இல் வெளிவந்த அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் அணிந்துரை வழங்கினார். பள்ளியும் மன்றமும் கிடைத்திருந்தால் அந்த அம்மையார் இன்னும் எவ்வளவோ செய்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

அடையாற்றிலிருந்து எழுந்த கோரிக்கை வீண்போகவில்லை. 1921இல், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்தும் வரியும் கணக்கில் கொள்ளப்பட்டதால் அவ்வுரிமை மிகச் சிலருக்கே கிடைத்தது என்பது உண்மைதான். ஆனால் கதவு திறந்துவிட்டது. 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் சேர மன்னரின் அனுமதி தேவைப்பட்ட பெண் அவர். அவையில் அவர் பேசியவற்றுள் தேவதாசி முறை ஒழிப்புத் தீர்மானமே பெரிதும் பேசப்படுகிறது. முஸ்லிம் மாணவியருக்கு விடுதி வேண்டும் என்று அவர் எழுப்பிய குரலை நாமாவது நினைவில் வைத்திருக்க வேண்டும். காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகினார்.

விடுதிகளில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குலத்துச் சிறுமியர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைத் தம் இல்லத்திலேயே வைத்துக் காத்ததிலிருந்து பிறந்ததுதான் ஔவை இல்லம். 1936இல் அது அடையாற்றுக்கு வந்தது. பின்னர் அதனோடு பெண்கள் பள்ளியும் வளர்ந்தது. பெசன்ட் அவென்யூ வழியாக நாம் போகும்போதும் வரும்போதும் பார்க்கும் பெயர்ப்பலகைதான் அது.

ஔவை என்ற பெயர் இங்கே மிகவும் பொருத்தமானது. அதியமானுக்காகத் தொண்டைமானின் அரண்மனைக்குத் தூது சென்று, பகை மன்னன் முன் நின்று பேசியவர் சங்க கால ஔவையார். ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுக்கும் காட்சி நம் பெண்கள் பள்ளி ஆண்டு விழாக்களில் எத்தனை முறை நடிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிச் சொல்ல இயலாது. தமிழ் நாடக மேடையில் நெடுங்காலம் பெண் வேடத்தை ஆண்களே தாங்கினர். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையிலும், பின்னர் ஊர் ஊராகச் சென்ற பாய்ஸ் கம்பெனிகளிலும் இதுவே வழக்கம். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் குழு நடத்தியது விதிவிலக்கு. 1942இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'ஔவையார்' நாடகத்தில் ஔவையாக நடித்த டி.கே. சண்முகம் 'ஔவை சண்முகம்' ஆனார். லாயிட்ஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வெளி மேடையில் ஔவையே ஆணாக இருக்க, பெண்கள் பள்ளி மேடையில் அதியமானும் பெண்ணே. கண்மையால் மீசை வரைந்து, அண்ணனின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசை வரை கேட்கும்படி ஆணையிடும் பொறுப்பு வகுப்பிலேயே உரத்த குரலுடையவளுக்குப் போய்ச் சேரும். அரசனாகவும் அமைச்சனாகவும் நீதிபதியாகவும் நின்று பேசும் பயிற்சி ஒரு பெண்ணுக்கு வேறெங்கே கிடைக்கும்? ஆண்கள் படிக்கும் பள்ளியில் சேர்ந்திருந்தால் அவளுக்குத் தோழி வேடம்தான் மிஞ்சியிருக்கும்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆடியபோது எழுந்த கண்டனங்களும் சிறியவை அல்ல. மறு ஆண்டே அவர் கலாக்ஷேத்திராவை நிறுவினார். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு அங்கு அவர் பேசிய பேச்சும் முயற்சியும் 1960இல் விலங்குகள் வதைத் தடைச் சட்டமாக விளைந்தன. நடனத்தைப் பற்றி நம்மவர் கருத்து வேறாக இருக்கலாம். அது இக்கட்டுரையின் பொருளன்று.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை, நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் தேனாம்பேட்டையில் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் மகளிர் கல்லூரி எழுந்தது ஒரு திருப்பமாகும். எஸ்.ஐ.இ.டி. என்று சென்னை முழுதும் அறிந்த அக்கல்லூரி இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. பெண்களுக்கெனத் தனி வளாகம் இருந்தால் தயக்கமின்றி அனுப்புவோம் என்றிருந்த எத்தனையோ குடும்பங்களின் தயக்கத்தை அது நீக்கியது. மாணவர் பேரவைத் தேர்தலில் வாக்குக் கேட்டுப் பேசவும், பட்டிமன்றத்தில் எதிரணியை மறுக்கவும் நம் பெண்கள் பழகியது இத்தகைய சுவர்களுக்குள்தான்.

இனி, முன்னர் கூறுவதாகச் சொன்ன செய்தி. ஒரு பெண்கள் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, முக்காடிட்டவள், கையில் தாளின்றி வந்து நின்றாள். எச்சரிக்கை மணி அடித்தபோது ஏனையோரைப் போல் பதறவில்லை. சொல்லிக்கொண்டிருந்த கருத்தை முடித்துவிட்டே நிறுத்தினாள். மூன்று நடுவர்களும் கலந்து பேசாமலே அவளுக்கு முதலிடம் தந்திருந்தோம். அடுத்தது மாவட்ட அளவிலான போட்டி. அதற்குப் பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் வேண்டும். இரண்டு வாரம் காத்திருந்ததாகப் பின்னர் தமிழாசிரியை சொன்னார். கடிதம் வரவில்லை. இரண்டாம் இடம் பெற்ற மாணவி சென்றாள்.