முரட்டுக் கம்பளி: பிரதான பொருள் குப்பையான கதை

பி.காம் படிக்கிற எல்லோருக்கும் காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஒரு பாடம் வரும். கூட்டுப் பொருள், துணைப் பொருள். ஒரே செலவில் இரண்டு சரக்கு கிடைத்தால் செலவை எப்படிப் பங்கு போடுவது என்று கணக்குப் போடச் சொல்வார்கள். நெல்லை அரைத்தால் அரிசியும் வரும், தவிடும் வரும். தேங்காயை உரித்தால் பருப்பு ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம். இரண்டுக்கும் நல்ல விலை இருந்தால் கூட்டுப் பொருள். ஒன்றுக்கு அற்ப விலை என்றால் அது துணைப் பொருள். விலையே இல்லையென்றால் கழிவு. பரீட்சைக்கு இது பத்து மார்க் சமாச்சாரம், அவ்வளவுதான்.

ஆனால் ஒரே சரக்கு நூற்றைம்பது வருடத்தில் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி வந்திருக்கிறது என்றால்? அந்தச் சரக்கு நியூசிலாந்தின் முரட்டுக் கம்பளி. அதன் விலையை எது தீர்மானிக்கிறது என்று தேடப் போய்த்தான் இந்த வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். எகனாமிக்ஸ் புத்தகத்தில் இருக்கிற அழகான டிமாண்ட்-சப்ளை படம் இங்கே அவ்வளவு சுலபமாகப் பொருந்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கம்பளி இழையின் தடிமனை மைக்ரானில் அளப்பார்கள். சூட் தைக்கிற மெரினோ கம்பளி இருபது மைக்ரான் பக்கம் இருக்கும். முப்பதைத் தாண்டினால் முரட்டு ரகம். உடம்பில் போட்டால் குத்தும். ஆனால் காலடியில் போட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். அதனால் தரைவிரிப்பு, போர்வை, பட்டாளத்து ஓவர்கோட் என்று போகும். பேர் என்னவோ இரண்டுக்கும் கம்பளிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு சந்தை. மெரினோ விலை ஏறியதால் முரட்டுக் கம்பளியும் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நியூசிலாந்தில் ஆரம்பத்தில் இருந்தது மெரினோ ஆடுகள்தான். ரோமத்துக்காகவே வளர்த்தார்கள். இங்கிலாந்து போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும் கப்பலில் கறியை எப்படி அனுப்புவது? ரோமம் அழுகாது, அதனால் ரோமம் போனது. கறி உள்ளூரிலேயே மலிந்து கிடந்தது.

1882 பிப்ரவரி 15-ஆம் தேதி போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல் சுமார் 5000 உறைந்த ஆட்டு உடல்களோடு லண்டனுக்குக் கிளம்பியது. 98 நாள் பயணம். போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு ஆட்டைத்தான் கெட்டுவிட்டது என்று ஒதுக்கினார்களாம். கம்பளி விலையின் வரலாற்றில் எந்த ஏலத்தையும் விட முக்கியமான நாள் அதுதான் என்பது என் கட்சி. ஏனென்றால் அன்றிலிருந்து ஆடு என்பது கறியும் ஆனது. மெரினோ எலும்பும் தோலுமான ஆடு, லண்டன்காரர்களின் தட்டுக்கு ஒத்துவராது. லிங்கன், லெஸ்டர், ரோம்னி என்று ஆங்கிலேயக் கிடாக்களை விட்டுக் கலப்பினம் உண்டாக்கினார்கள். சதை கூடியது. கூடவே ரோமமும் தடித்தது. யாரும் முரட்டுக் கம்பளி வேண்டும் என்று கேட்டு அது உற்பத்தியாகவில்லை. கறியைத் தேடிப் போனபோது கூடவே வந்து சேர்ந்தது.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை பாதி புரிந்துவிடும். சப்ளையை நிர்ணயிப்பது கம்பளி விலை அல்ல, ஆட்டுக்கறி விலை. கம்பளி விலை பாதியாக விழுந்தாலும் குட்டிக் கறிக்கு நல்ல விலை இருந்தால் ஆடு குறையாது. ஆடு இருந்தால் ரோமம் வளரும். வளர்ந்த ரோமத்தை வெட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்து ஆடு செத்துப்போகும். ஆக, விலை விழுந்தால் உற்பத்தி குறைந்து விலை மீண்டும் எழும் என்ற புத்தகச் சங்கிலி இங்கே முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது.

சரி, சப்ளை அசையாது என்றால் விலையை ஆட்டி வைப்பது யார்? இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பதில் ரொம்பச் சுலபம்: யுத்தம்.

1916-ல் பிரிட்டிஷ் அரசு நியூசிலாந்துக் கம்பளி மொத்தத்தையும் தானே எடுத்துக்கொண்டது. போருக்கு முந்தைய 1913-14 விலைக்கு மேல் 55 சதவீதம் கொடுத்தது. சிப்பாய்க்கு மென்மையா முக்கியம்? குளிர் தாங்கினால் போதும். முரட்டு ரகத்துக்கு ராஜயோகம். 1920-ல் இந்த ஏற்பாடு முடிந்தபோது கிடங்குகளில் மலைபோல் சரக்கு மிச்சம். சாதாரண ஜனங்கள் போர் முடிந்த சந்தோஷத்தில் மெல்லிய துணி கேட்டார்கள். மெரினோவை விட முரட்டு ரகம் பலமாக அடிபட்டது. மிச்சத்தை மெல்ல மெல்ல விற்றுத் தீர்க்க 1921-ல் தனியாக ஒரு அமைப்பே உருவாக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் இதே நாடகம் இன்னும் பெரிய மேடையில். 1945-ல் மிஞ்சியது ஒரு கோடி பொதிகளுக்கு மேல். விற்றுத் தீர்க்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் ஐந்தாறு வருடத்தில் கிடங்கு காலி! காரணம், போர் முடிந்த நாடுகளில் துணிப் பஞ்சம். அதன்பின் 1950-ல் கொரியா யுத்தம். சைபீரியக் காற்று வீசுகிற இடத்தில் சண்டை. அமெரிக்கா சீருடைக்காகக் கம்பளி சேர்த்து வைக்கப் போகிறது என்ற செய்தி வந்ததுமே ஏலத்தில் விலை பறந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு பவுண்டு எடைக்கு ஒரு பவுண்டு பணம் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறார்கள். நியூசிலாந்து அரசு பயந்துபோய், இவ்வளவு பணம் ஊருக்குள் வந்தால் எல்லா விலையும் ஏறுமே என்று, விவசாயிகளின் கம்பளி வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை முடக்கி வைத்தது. 1951 மார்ச்சுக்குப் பிறகு விலை சரிந்தது. யுத்தம் அப்போதும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். சண்டை நடக்கும்போதே வாங்குகிறவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்ற இறக்கம் போதும் என்று 1951-ல் நியூசிலாந்தில் கம்பளி கமிஷன் வந்தது. பழைய போர்க்காலச் சரக்கை விற்ற லாபம்தான் மூலதனம். ஏலத்தில் விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் கமிஷனே வாங்கிக்கொள்ளும். நம்மூர் குறைந்தபட்ச ஆதரவு விலை மாதிரி. பதினைந்து வருடம் நன்றாகவே ஓடியது. எந்த விலை ஆதரவுத் திட்டமும் விலை தற்காலிகமாக விழும்போது நன்றாக வேலை செய்யும். விழுந்த விலை அங்கேயே தங்கிவிட்டால்தான் தொல்லை.

1966 டிசம்பரில் அதுதான் நடந்தது. முரட்டுக் கம்பளி விலை சுமார் 40 சதவீதம் சரிந்தது. வாங்க ஆளில்லாமல் கமிஷன் வாங்கிக் குவித்தது. நாட்டின் அந்நியச் செலாவணியே கம்பளி, கறி, வெண்ணெய் என்ற மூன்று கால்களில் நின்றதால் ஒரு கால் ஒடிந்ததும் நாடே தள்ளாடியது. அடுத்த வருடம் நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தபோது, நியூசிலாந்து அதைவிட அதிகமாகத் தன் டாலரைக் குறைத்தது. அந்த டாலருக்கு அப்போது வயது நாலு மாதம்தான்!

ஏன் விழுந்தது? உடனடிக் காரணங்கள் பல. ஆனால் மெல்ல வந்த எதிரி ஒருவன் இருந்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் என்ற ஊரில் கார்ப்பெட்டை நெய்யாமல், ஊசியால் குத்திக் குத்தித் தயாரிக்கும் இயந்திரங்கள் போருக்குப் பின் பெருகின. வேகம் அதிகம், விலை குறைவு. 1950-களின் கடைசியில் தொடர் இழையாக வரும் நைலான் அந்த இயந்திரத்துக்கென்றே செய்தது போல் வந்து உட்கார்ந்தது. அப்புறம் பாலிப்ரொப்பிலீன். ஜவுளிக் கடையில் மெரினோவுக்குக் கொஞ்சம் கௌரவம் மிஞ்சியது. காலடியில் கிடப்பதற்கு என்ன கௌரவம்? சதுர அடிக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அன்றிலிருந்து முரட்டுக் கம்பளி விலைக்கு ஒரு கூரை விழுந்துவிட்டது. அந்தக் கூரையின் உயரத்தை நிர்ணயிப்பது ஆட்டு மந்தை இல்லை, பெட்ரோகெமிக்கல் ஆலை.

இதற்கு அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? 1978-ல் மல்டூன் அரசு விவசாயிகளுக்குத் துணைக் குறைந்தபட்ச விலைத் திட்டம் கொண்டுவந்தது. உலகச் சந்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க, உள்நாட்டில் ஆடு பெருகியது. 1982-ல் 7 கோடி ஆடுகள். மனிதர்கள் 32 லட்சம். ஆளுக்கு 22 ஆடு! 1984-ல் வந்த புதிய அரசு மானியத்தை வெட்டியது. 1991-ல் கம்பளி வாரியத்தின் குறைந்தபட்ச விலையும் போனது. அதே வருடம் ஆஸ்திரேலியாவின் கம்பளி ஆதரவு விலையும் 47 லட்சம் பொதி தேங்கிய நிலையில் கவிழ்ந்தது. அந்தத் தேக்கம் முழுதாக விற்றுத் தீர்ந்தது 2001-ல். 1989-க்குப் பின் சீனா வாங்குவதைச் சுருக்கியதும், சோவியத் யூனியன் உடைந்ததும் சேர்ந்த நேரம் அது. இரண்டு பெரிய வாடிக்கையாளர் கையை விரித்தால் எந்தக் கடைதான் தாங்கும்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கொரோனா வந்த 2020-ல் முரட்டுக் கம்பளி கிலோ இரண்டு நியூசிலாந்து டாலருக்கும் கீழே போனது. ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்கிற கூலியே அதைவிட அதிகம். அதாவது விவசாயி கையை விட்டுக் காசு கொடுத்துத் தன் சரக்கைச் சந்தைக்கு அனுப்புகிறான். நம் பாடப்புத்தகத்தில் துணைப் பொருளின் விற்பனையைப் பிரதானப் பொருளின் செலவிலிருந்து கழிப்போம். இங்கே கழிக்க ஒன்றும் இல்லை, கூட்ட வேண்டும். 1870-களில் ஆடு வளர்ப்பதற்கே காரணமாக இருந்த சரக்கு, 2020-ல் கறி உற்பத்தியின் ஒரு செலவுத் தலைப்பாகிவிட்டது. கத்தரிக்கிற தொழிலாளி மேல் இதில் ஒரு தப்பும் இல்லை. முதுகு ஒடியக் குனிந்து நாள் முழுக்கச் செய்கிற வேலை அது, கூலி ஏறத்தான் வேண்டும்.

அரசியலாகவும் இது புகைந்தது. 2023-ல் சிறிய கிராமப் பள்ளிகளுக்குக் கார்ப்பெட் போடும் ஒப்பந்தத்தை நியூசிலாந்துக் கல்வி அமைச்சகம் நைலான் கார்ப்பெட்டுக்குக் கொடுத்தபோது ஆட்டுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஆடு மேய்க்கிறவன் பிள்ளை உட்காரும் தரையில் பெட்ரோலியமா என்று. 2025 ஜூலையிலிருந்து அரசுக் கட்டிடங்களில் முடிந்தவரை கம்பளிப் பொருட்களையே பயன்படுத்த வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது.

2025-ல் விலை கொஞ்சம் நிமிர்ந்தது. டிமாண்ட் பொங்கி வந்ததாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆடே குறைந்துவிட்டது. 2023-ல் எண்ணிக்கை சுமார் 2.4 கோடி. சமவெளியில் பால் மாடு வந்தது, மலைச்சரிவில் கார்பன் கிரெடிட்டுக்காகப் பைன் மரம் நட்டார்கள். பாடப்புத்தகச் சங்கிலி கடைசியில் வேலை செய்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நாற்பது வருடம் எடுத்துக்கொண்டது, அதுவும் பாலும் மரமும் தள்ளிவிட்டதால்.

இதற்கு நடுவே சில விவசாயிகள் வில்ட்ஷயர் என்ற இனத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டுக்கு ரோமம் வளரும், பருவம் வந்ததும் தானாகவே உதிர்ந்து வேலியிலும் புல்லிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கத்தரிக்க வேண்டாம், பொதி கட்ட வேண்டாம், ஏலத்துக்கும் அனுப்ப வேண்டாம்.